அண்டத்தின் முதற்கணம்: காட்சியும் கருதலும்

பொருள்களின் உண்மையை அறிவதற்குரிய கருவிகளை அளவைகள் என்று வகுத்தனர் நம் முன்னோர். அவற்றுள் தலையாயவை காட்சி, கருதல், உரை என்னும் மூன்றாகும். கண் முதலிய பொறிகளால் நேரே அறிவது காட்சி. கண்ட ஒன்றைக் கொண்டு காணாத ஒன்றைத் துணிவது கருதல். அறிவுடையோர் கூற்றைக் கொண்டு தெளிவது உரை. மலைமேல் எழும் புகையைக் கண்டு அங்கே நெருப்பு உண்டென்று துணிவது, கருதலுக்குக் காலங்காலமாகக் காட்டப்பெறும் எடுத்துக்காட்டு. மணிமேகலையில் தருக்கம் பேசும் பகுதிகளைப் பயின்றோர் இதனை நன்கு அறிவர். அளவை நூலார் இதனோடு ஓர் எச்சரிக்கையும் தந்துள்ளனர். எழுவது புகைதானா, அன்றிப் பனியோ தூசியோ என்று ஐயமறத் தெளியாமல் நெருப்பு உண்டென்று துணிதல் போலியாகும் என்பதே அது.

இவ்வெச்சரிக்கையின் பொருளை நன்கு உணர்த்தும் துறை ஒன்று இன்றைய வானியலில் உண்டு. அண்டத்தின் முதற்கணத்தில் நிகழ்ந்ததை இன்று கிடைக்கும் தரவுகளிலிருந்து உய்த்துணரும் துறையே அது. ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த அதனை எவரும் கண்டிலர். ஆயினும் அக்கணத்தைப் பற்றி அறிவியலார் பலவற்றைத் துணிந்து கூறுகின்றனர். எதைக் கண்டு எதைத் துணிகின்றனர்? அத்துணிபு எவ்வளவு உறுதியுடையது? எங்கே அது நின்றுவிடுகிறது? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காட்சி

தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்கள் நம்மை விட்டு விலகிச் செல்வதையும், தொலைவு மிகுந்தோறும் விலகும் விரைவு மிகுவதையும் 1929ஆம் ஆண்டு எட்வின் ஹபிள் காட்டினார். அண்டம் விரிகிறது என்பது இதனால் தெளிவாயிற்று. இன்று விரிவது முன்பு சிறிதாக இருந்திருக்க வேண்டும். சிறிதாக இருந்தபோது அடர்ந்தும் வெப்பம் மிகுந்தும் இருந்திருக்க வேண்டும். அவ்வெப்பத்தின் எச்சம் எங்கே? 1964ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், பெல் ஆய்வுக்கூடத்தின் கொம்பு வடிவ அலைவாங்கியைக் கொண்டு ஆய்ந்த ஆர்னோ பென்சியாசும் இராபர்ட் வில்சனும், எத்திசையில் திருப்பினாலும் நீங்காத ஓர் இரைச்சலைக் கண்டனர். கருவிக்குள் கூடு கட்டியிருந்த புறாக்களை அகற்றி, உள்ளே படிந்திருந்த கழிவைத் துடைத்த பின்னும் அவ்விரைச்சல் ஓயவில்லை. அது கருவியின் குறையன்று, இளமையில் கொதித்த அண்டத்தின் ஆறிய வெப்பமே என்பது பின்னர் விளங்கிற்று. அவ்விருவரும் 1978இல் நோபல் பரிசு பெற்றனர்.

அண்டத்திற்கு ஏறத்தாழ 3,80,000 ஆண்டு அகவையானபோது அதன் வெப்பநிலை 3000 கெல்வின் அளவிற்குத் தணிந்தது. அதுவரை தனித்து அலைந்த எலெக்ட்ரான்கள் அணுக்கருக்களோடு கூடி அணுக்களாயின. மூடுபனி விலகியதுபோல் ஒளி தடையின்றிப் பரவலாயிற்று. அன்று புறப்பட்ட ஒளியே, அண்டம் ஏறத்தாழ 1100 மடங்கு விரிந்தமையால் அலைநீளம் மிகுந்து, 2.725 கெல்வின் வெப்பநிலைக்குரிய நுண்ணலையாக இன்று நம்மை வந்தடைகிறது. இதனை அண்ட நுண்ணலைப் பின்னணி என்பர்.

1989ஆம் ஆண்டு நவம்பரில் ஏவப்பெற்ற கோபி செயற்கைக்கோள் இப்பின்னணியில் இலட்சத்தில் ஒரு பங்கு அளவிலான ஏற்றத்தாழ்வுகளைக் கண்டறிந்தது. அச்செய்தி 1992இல் வெளிவந்தது. 2001இல் ஏவப்பெற்ற டபிள்யூமேப், 2009இல் ஐரோப்பிய விண்வெளி முகமை ஏவிய பிளாங்க் ஆகிய செயற்கைக்கோள்கள் அவற்றை மேன்மேலும் நுட்பமாக வரைந்தளித்தன. நம் கையிலுள்ள தலையாய காட்சி இதுவே. இதற்கு முந்திய காலத்தை எந்தத் தொலைநோக்கியின் ஒளியாலும் நேரே காண இயலாது. ஆகவே அதற்கு முந்தியவை யாவும் கருதலே.

புதிரும் கருதுகோளும்

இவ்வொளி எல்லாத் திசைகளிலும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலை உடையதாயிருப்பது முதற்புதிர். வெந்நீரும் தண்ணீரும் ஒரே வெப்பநிலையை எய்த வேண்டுமாயின் அவை கலக்க வேண்டும். கலப்பதற்குக் காலம் வேண்டும். ஒளியினும் விரைந்து எதுவும் செல்லாது. அவ்வாறாயின், அந்த ஒளி புறப்படுவதற்குள் தம்முள் தொடர்புற்றிருக்கக்கூடிய பகுதிகள் இன்றைய வானில் ஓரிரு பாகை அகலமே உடையன என்று பழைய கணக்கு காட்டிற்று. முழுநிலவின் அகலம் அரைப்பாகை என்பதை எண்ணினால் இதன் சிறுமை புலப்படும். வானத்தின் கீழ்த்திசையும் மேற்றிசையும் என்றுமே சந்தித்திராதவை. சந்தித்திராத இருவர் எழுத்துப் பிசகாமல் ஒரே செய்தியை எழுதியது எங்ஙனம்?

வெளியின் வடிவம் இரண்டாம் புதிர். ஐன்ஸ்டைனின் கொள்கைப்படி அண்டவெளி வளைந்திருக்கலாம். தொடக்கத்தில் மிகச் சிறிய வளைவு இருந்திருப்பினும், காலப்போக்கில் அது பெருகியிருக்க வேண்டும். ஆனால் வெளியோ சமதளமாகவே தோன்றுகிறது. தொடக்கத்தில் அவ்வளவு நுட்பமாக அதனைச் சமன் செய்தது எது?

இவற்றிற்கு விடையாக எழுந்ததே அண்டவீக்கம் என்னும் கருதுகோள். பொருளியலில் பணவீக்கம் என்று வழங்கும் வீக்கமே இங்கும் பெயராயிற்று. மாஸ்கோவில் அலெக்சி ஸ்டாரோபின்ஸ்கி 1980இல் இத்தகையதோர் எண்ணத்தை வெளியிட்டார். அமெரிக்காவில் ஆலன் கூத் தனித்து இதனைச் சிந்தித்து 1981இல் கட்டுரையாக்கினார். கூத்தின் முதல் வடிவில் வீக்கம் செவ்வனே முடிவுறாது என்னும் குறை இருந்தது. 1982இல் ஆந்திரே லிண்டேயும், ஆண்ட்ரியாஸ் ஆல்பிரெக்ட், பால் ஸ்டைன்ஹார்ட் ஆகியோரும் அக்குறையைக் களைந்தனர்.

இக்கருதுகோளின் சாரம் இது: ஒரு நொடியின் மிக நுண்ணிய கூற்றில், தசமப் புள்ளிக்குப் பின் முப்பதிற்கு மேற்பட்ட சுழியங்கள் இட்டு எழுத வேண்டிய சிறுபொழுதில், வெளி முழுவதும் நிறைந்திருந்த ஓர் ஆற்றல் புலத்தால் அண்டம் மாபெரும் விரைவில் வீங்கிற்று. 1க்குப் பின் 26 சுழியங்கள் இட்டால் வரும் மடங்கு, அல்லது அதனினும் மிகுந்த மடங்கு, ஒவ்வொரு நீளமும் பெருகிற்று. வீங்குமுன் நாம் காணும் வானம் முழுவதும் ஒரு சிறு புள்ளிக்குள் அடங்கியிருந்தது. ஆகவே எல்லாப் பகுதிகளும் தம்முள் கலந்து ஒரே வெப்பநிலை எய்தக் காலம் இருந்தது. பின்னர் ஏற்பட்ட பெருவீக்கத்தால் வளைவும் மறைந்தது. ஊதப்பட்ட பலூனின் சிறு பகுதி சமமாகத் தோன்றுவது போன்றது இது.

விளக்கம் அழகியதே. ஆனால் விளக்கம் வேறு, சான்று வேறு. புதிரை விடுவிப்பதற்கென்றே படைக்கப்பட்ட கருதுகோள் அப்புதிரை விடுவிப்பதில் வியப்பில்லை. மழை பெய்தால் தரை நனையும் என்பது உண்மை. தரை நனைந்திருத்தலால் மழை பெய்தது என்று துணியலாமா? எவரேனும் நீர் தெளித்திருக்கலாம். கூரையும் மரக்கிளையும் நனைந்துள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். அதுபோல, அண்டவீக்கம் நிகழ்ந்திருப்பின் வேறு எவ்வடையாளங்கள் எஞ்சியிருக்க வேண்டும் என்று கணித்து, அவற்றைப் பின்னர்த் தேடுவதே முறை.

நான்கு அடையாளங்கள்

இத்தேடலுக்கு வழி திறந்தவர்கள் வியாச்செஸ்லாவ் முகனோவ், கென்னடி சிபிசோவ் என்னும் சோவியத் அறிஞர் இருவர். குவாண்டம் கொள்கைப்படி எந்தப் புலமும் முற்றிலும் அசைவற்று இராது. நுண்ணிய நடுக்கம் எப்போதும் உண்டு. வீக்கத்தின்போது அந்நடுக்கங்களும் நீட்டப்பெற்று, விண்மீன் மண்டலங்களுக்கு வித்தான அடர்த்தி ஏற்றத்தாழ்வுகள் ஆயின என்று அவர்கள் 1981இல் காட்டினர். 1982இல் கேம்பிரிட்ஜில் நிகழ்ந்த ஆய்வரங்கில் பல அறிஞர்கள் தனித்தனியே கணித்து ஒத்த முடிவிற்கு வந்தனர். கோபி செயற்கைக்கோள் ஏற்றத்தாழ்வுகளைக் காண்பதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே இக்கணிப்புகள் அச்சேறிவிட்டன என்பது கருதத்தக்கது.

முதலாவது அடையாளம் வெளியின் சமநிலை. இளம் அண்டத்தில் ஒளியும் பொருளும் கலந்த கொதிகலவையில் ஒலியலைகள் ஓடின. 3,80,000 ஆண்டுகளில் அவ்வலை எவ்வளவு தொலைவு செல்லும் என்பதைக் கணக்கிடலாம். அத்தொலைவு வானில் எவ்வளவு கோணத்தில் தோன்றுகிறது என்பதை அளந்தால், இடையிலுள்ள வெளி வளைந்ததா சமமா என்பது புலனாகும். 1998ஆம் ஆண்டின் இறுதியில் அண்டார்டிகா வானில் பறக்கவிடப்பட்ட பூமராங் என்னும் பலூன் கருவி இதனை அளந்தது. 2000இல் வெளியான முடிவு, அக்கோணம் ஏறத்தாழ ஒரு பாகை என்றும், வெளி சமமானதே என்றும் காட்டிற்று. பிளாங்க் தரவுகளோடு விண்மீன் மண்டலங்களின் அளவீடுகளும் சேர, இம்முடிவு ஒரு விழுக்காட்டிற்கும் குறைந்த பிழை எல்லைக்குள் நிலைபெற்றது.

இரண்டாவது அடையாளம் அலைகளின் ஒத்திசைவு. பாடகர் குழுவினர் அனைவரும் ஒரே கணத்தில் தொடங்கினால் தாளம் தெளிவாகக் கேட்கும். ஒவ்வொருவரும் தாம் விரும்பிய பொழுதில் தொடங்கினால் இரைச்சலே மிஞ்சும். வீக்கம் விதைத்த அலைகள் யாவும் ஒருங்கே தொடங்கியிருக்க வேண்டும். அக்காலத்தில் இதற்குப் போட்டியாக மற்றொரு கருதுகோளும் இருந்தது. அண்ட இழைகள் எனப்படும் மெல்லிய குறைபாடுகளே விண்மீன் மண்டலங்களுக்கு வித்தாயின என்பது அது. அவை இடையறாது கலவையைக் கலக்கிக்கொண்டே இருப்பதால் தெளிந்த தாளம் தோன்றாது. அளந்தபோது, ஒன்றன்பின் ஒன்றாக முகடுகள் தெளிவாக எழுந்தன. வித்து என்னும் நிலையிலிருந்து அண்ட இழைகள் விலக்கப்பட்டன. கருதுகோள்கள் இரண்டனுள் ஒன்று தோற்கக்கூடிய தேர்வாக அமைந்தமையால் இதன் மதிப்பு மிகுதி.

மூன்றாவது அடையாளமே வீக்கத்தின் இயற்பியலை நமக்கு மிகுதியும் உணர்த்துவது. பெரிய பரப்பில் தோன்றும் ஏற்றத்தாழ்வும் சிறிய பரப்பில் தோன்றுவதும் சம வலிமையுடையனவாயின், அவ்வுறவைக் குறிக்கும் எண் சரியாக 1 ஆகும். வீக்கம் என்றென்றும் மாறாமல் நீடித்திருப்பின் அவ்வெண் 1 ஆகவே இருக்கும். ஆனால் வீக்கம் முடிந்தது. முடிந்தமையால்தான் நாம் இருக்கிறோம். முடிவதற்கு அதனை இயக்கிய ஆற்றல் மெல்லமெல்லக் குறைந்திருக்க வேண்டும். பெரிய பரப்பின் ஏற்றத்தாழ்வுகள் வீக்கத்தின் முற்பகுதியில் பதிந்தவை. சிறியவை பிற்பகுதியில் பதிந்தவை. ஆகவே பெரியவை சற்று வலியனவாகவும், அவ்வெண் 1ஐ விடச் சற்றுக் குறைவாகவும் இருத்தல் வேண்டும். 2018இல் வெளியான பிளாங்க் முடிவு 0.965; பிழை எல்லை 0.004. ஒன்றிலிருந்து வேறுபாடு பிழை எல்லையைப் போல் எட்டு மடங்கிற்கும் மேல். இச்சிறு சாய்வினுள் வீக்கத்தின் முடிவு எழுதப்பட்டிருக்கிறது எனலாம்.

நான்காவது, ஏற்றத்தாழ்வுகளின் பரவல். எளிய வகை வீக்கத்தில் அவை ஒன்றையொன்று சாராத தற்செயல் நடுக்கங்கள். ஆதலின் புள்ளியியலார் காசியப் பரவல் என்று கூறும் மணிவடிவக் கோட்டைப் பின்பற்ற வேண்டும். பிளாங்க் தேடியும் அதனின்று விலகல் எதுவும் புலப்படவில்லை. பல புலங்கள் சிக்கலாகப் பின்னி நிகழ்ந்த வீக்கங்கள் பலவற்றை இது ஐயத்திற்கு உள்ளாக்கிற்று.

புகையா, தூசியா?

இந்நான்கிற்கும் அப்பால் ஐந்தாவது அடையாளம் ஒன்று உண்டு. வீக்கத்தின்போது அடர்த்தி மட்டுமன்றி வெளியே நடுங்கியிருக்க வேண்டும்; அந்நடுக்கம் ஈர்ப்பு அலைகளாகப் பரவியிருக்க வேண்டும். அவற்றின் வலிமையை அறிந்தால், வீக்கம் எவ்வளவு ஆற்றலில் நிகழ்ந்தது என்பதை நேரே கணக்கிடலாம். இவ்வலைகள் நுண்ணலைப் பின்னணியின் தளவிளைவில் சுவடு விட்டிருக்கும். ஒளியலை எல்லாத் தளங்களிலும் ஒரே அளவில் அதிராமல் ஒரு தளத்தில் மிகுந்து அதிர்வதே தளவிளைவு. அடர்த்தி ஏற்றத்தாழ்வுகள் தாமே தோற்றுவிக்காத சுழல் வடிவத்தை ஈர்ப்பு அலைகள் அதில் தோற்றுவிக்கும்.

2014ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள், தென்துருவத்தில் பைசெப்-2 என்னும் தொலைநோக்கியை அமைத்து மூன்று ஆண்டுகள் ஆய்ந்த குழுவினர், அச்சுழல் வடிவத்தைக் கண்டுவிட்டதாக அறிவித்தனர். ஈர்ப்பு அலைகளின் வலிமைக்கும் அடர்த்தி ஏற்றத்தாழ்வுகளின் வலிமைக்கும் உள்ள விகிதம் 0.2 என்பது அவர்கள் முடிவு. உலக நாளிதழ்கள் முதற்பக்கத்தில் அதனை வெளியிட்டன. நோபல் பரிசு உறுதி என்று பேசப்பட்டது.

ஆனால் நம் பால்வெளி மண்டலத்தில் நுண்தூசி நிறைந்துள்ளது. அத்தூசி மணிகள் மண்டலத்தின் காந்தப்புலத்தோடு ஒழுங்குற நிற்பதால் அவை உமிழும் அலையும் தளவிளைவு உடையது. அதிலும் சுழல் வடிவம் தோன்றும். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. அதிர்வெண் உயர உயரத் தூசியின் ஒளிர்வு மிகும். நுண்ணலைப் பின்னணி அவ்வாறு மிகாது. ஆகவே பல அதிர்வெண்களில் நோக்குதல் வேண்டும். பைசெப்-2 நோக்கியதோ 150 கிகாஹெர்ட்ஸ் என்னும் ஒரே அதிர்வெண்ணில். தூசி குறைந்தது என்று கருதி ஒரு வானத்துண்டைத் தேர்ந்திருந்தனர். அத்தூசியின் தளவிளைவு எவ்வளவு என்பது அன்று நன்கு அறியப்படவில்லை.

அவ்வாண்டு செப்டம்பரில், 353 கிகாஹெர்ட்ஸ் அளவில் முழுவானையும் நோக்கிய பிளாங்க் குழு, அத்துண்டிலும் தூசி கணிசமாக உண்டென்று அறிவித்தது. பின்னர் இரு குழுக்களும் தம் தரவுகளைப் பகிர்ந்து கூடி ஆய்ந்தன. 2015இல் வெளியான கூட்டு முடிவு இது: காணப்பட்டதன் பெரும்பகுதி தூசியால் விளைந்தது, ஈர்ப்பு அலைக்கு உறுதியான சான்று இல்லை, அவ்விகிதம் 0.12க்கு மேல் இராது.

இங்கே நாம் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். பைசெப்-2 அளந்த அளவு பிழையன்று. அச்சுழல் வடிவம் வானில் உண்மையாகவே உள்ளது. காட்சியில் குறையில்லை, கருதலில்தான் குறை. அளவை நூலார் புகைக்கும் தூசிக்கும் சொன்ன வேறுபாடு, ஓர் உவமையாக அன்றிச் சொல்லுக்குச் சொல் உண்மையாகவே இங்கு நிகழ்ந்துவிட்டது. அப்பிழை ஓராண்டிற்குள், அக்குழுவினரும் பங்குகொண்ட ஆய்வாலேயே திருத்தப்பட்டது என்பதும் போற்றத்தக்கது.

விலக்கப்பட்டவையும் எஞ்சியவையும்

ஈர்ப்பு அலை கிட்டவில்லை என்பதனால் ஆய்வு வீணாகவில்லை. இல்லாமையும் ஒரு செய்தியே. அதே தென்துருவக் குழுவினர் பல அதிர்வெண்களில் நோக்கி 2021இல் வெளியிட்ட முடிவின்படி அவ்விகிதம் 0.036க்கும் குறைவு. லிண்டே முன்வைத்த எளிய வகைகளுள் ஒன்று ஏறத்தாழ 0.13 அல்லது அதற்கும் மேல் இருக்கும் என்று கணித்தது. ஆதலின் அது விலக்கப்பட்டது. ஸ்டாரோபின்ஸ்கியின் 1980ஆம் ஆண்டுக் கருத்து 0.003 முதல் 0.004 வரை என்று கணிப்பதால் இன்னும் களத்தில் நிற்கிறது. வீக்கத்தின் ஆற்றலுக்கும் ஒரு மேல்வரம்பு கிட்டியுள்ளது. ஜெனீவா அருகேயுள்ள பெரிய துகள் மோதியின் ஆற்றலைப் போல் ஏறத்தாழ இலட்சம் கோடி மடங்கு என்பதே அவ்வரம்பு. எந்த ஆய்வுக்கூடத்திலும் எட்டவியலாத ஆற்றலைப் பற்றி ஒரு மங்கிய ஒளியைக் கொண்டு இவ்வளவு கூற முடிவது வியப்பன்றோ!

ஆயினும் கணக்கு முடிந்துவிடவில்லை. சிலி நாட்டின் அடக்காமா பாலைவனத்தில் நிறுவப்பட்டிருந்த தொலைநோக்கியின் தரவுகளைப் பிளாங்க் தரவுகளோடும் விண்மீன் மண்டல அளவீடுகளோடும் சேர்த்து 2025இல் ஆய்ந்தபோது, சாய்வைக் குறிக்கும் எண் 0.974 என வந்தது. வேறுபாடு சிறிதே, ஆனால் ஸ்டாரோபின்ஸ்கியின் கருத்திற்கு அது நெருக்கடி தருகிறது. தரவுகளைச் சேர்க்கும் முறையில் குறை உண்டா, கருத்தில் குறை உண்டா என்பது ஆய்விற்குரியது. அதே பாலைவனத்தில் சைமன்ஸ் ஆய்வகம் இன்னும் நுண்ணிய ஈர்ப்பு அலைச் சுவட்டைத் தேடுகிறது.

இவற்றினும் ஆழமான இடர்ப்பாடுகள் இரண்டு உள்ளன. ஒன்று, நமக்குக் கிட்டியது ஒரே வானம். நூறு அண்டங்களை அளந்து சராசரி காண இயலாது. மிகப் பெரிய கோணங்களில் எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் ஐயம் ஓரளவு எஞ்சியே தீரும். மற்றொன்று, வீக்கக் கருத்து ஒன்றன்று. நூற்றுக்கணக்கான வடிவங்களை உடையது. எந்தத் தரவு வந்தாலும் அதற்கேற்ற ஒரு வடிவத்தைப் புனையலாமெனின் அது தேர்விற்கு உட்பட்ட கொள்கையாகுமா என்று ஐயுறுவோர் உளர். இக்கொள்கையை உருவாக்கியவர்களுள் ஒருவராகிய ஸ்டைன்ஹார்டே 2017இல் வேறிருவருடன் சேர்ந்து இவ்வினாவை எழுப்பினார். கூத், லிண்டே உள்ளிட்ட 33 அறிஞர்கள் மறுப்பு எழுதினர். தனித்தனி வடிவங்கள் தேர்விற்கு உட்பட்டு விலக்கப்படுகின்றன. அறிவியல் நடக்கும் முறை அதுவே என்பது அவர்கள் விடை. இரு பக்கத்திலும் நியாயம் உண்டு.

முடிவாக, இன்று உறுதியாகக் கூறத்தக்கன இவை: அண்டத்தின் வித்துகள் மிகத் தொடக்கத்திலேயே ஒருங்கே விதைக்கப்பட்டன, அவை ஏறத்தாழச் சம வலிமையுடையன, ஆனால் முற்றிலும் சமமல்ல, வெளி சமமானது. இவை காட்சிக்கு மிக அண்மையில் நிற்கும் முடிவுகள். இவற்றையெல்லாம் வீக்கம் முன்னரே கணித்துக் கூறியது. அவற்றை ஒருங்கே விளக்குவதில் இன்றுவரை அதனை விஞ்சிய கருத்து பொது ஏற்பைப் பெறவில்லை. ஆனால் வீக்கத்தை இயக்கிய புலம் யாது, அது எவ்வாற்றலில் நிகழ்ந்தது என்பவை இன்னும் அறியப்படாதவை. முன்னதை ஐயுறுவதும் பின்னதை அறிந்ததாகப் பேசுவதும் ஒருசேரத் தவறாகும்.

அறிவியல் மாணவர் மட்டுமல்லர், பழஞ்சுவடியின் சிதைந்த அடியிலிருந்து மூலபாடத்தைத் துணியும் தமிழ் மாணவரும், கல்வெட்டின் தேய்ந்த எழுத்திலிருந்து காலத்தைக் கணிக்கும் வரலாற்று மாணவரும் இதே கருதல் வழியில்தான் நடக்கின்றனர். கண்டது எது, கருதியது எது என்று வரம்பிட்டுக் கொள்வதும், தூசியாக இருக்கலாமோ என்று தம்மைத் தாமே முதலில் வினவிக் கொள்வதும் அவர்கள் அனைவர்க்கும் பொதுவான கடமை எனக் கொள்வோமாக.